காருக்கு இரண்டு சாவி! ஒன்று உங்களிடம், இன்னொன்று யாரிடம்?

அதிகாலை 5 மணி. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. தாம்பாளம், பூ, பழம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. 7 மணிக்கு முகூர்த்தம்.

அப்பா சாவியைத் திருப்பினார். என்ஜின் கிளம்பவில்லை. ஆனால் யாரும் கேட்காமலே வைப்பர் ஆடத் தொடங்கியது! மழையே இல்லை. காய்ந்த கண்ணாடியில் 'கிறீச், கிறீச்' என்று தேய்த்தது.

நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன. பிறகு தாமாகத் திறந்துகொண்டன. ஹாரனை அழுத்தினால் சத்தம் இல்லை. அழுத்தாதபோது அலறியது.

"வண்டிக்குள் பேய் புகுந்துவிட்டதா?" என்று பாட்டி கேட்டார்.

பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை. காருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி கெட்டுவிட்டது. அவ்வளவுதான்.

குடும்பம் வாடகைக் காரில் கல்யாணத்துக்குப் போயிற்று. தெருக்கோடி மெக்கானிக் காரைப் பார்த்தார். பெட்டி கெட்டதைக் கண்டுபிடித்தார். புதுப் பெட்டி வாங்கி வரச் செய்தார். அரை மணி நேரத்தில் மாட்டியும் விட்டார்.

அப்படியும் கார் கிளம்பவில்லை!

"அண்ணே, பெட்டி புதுசு. வயர் எல்லாம் சரி. ஆனால் கார் இதை ஏற்க மாட்டேன் என்கிறது. கம்பெனிக்காரர்கள் கோடு போட்டால்தான் ஓடும்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைப் போன்ற காலைப்பொழுது இன்று பல ஊர்களில், பல வீடுகளில் விடிகிறது. கையில் காசு இருக்கிறது. பெட்டி இருக்கிறது. வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். ஆனாலும் கார் ஓடவில்லை. ஏன்?

அது என்ன பெட்டி?

தாத்தா காலத்து அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். ஹாரனுக்கு ஒரு கம்பி. விளக்குக்கு ஒரு கம்பி. வைப்பருக்கு ஒரு கம்பி. சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் நேராகப் போய் வேலையைச் செய்யும். விளக்கு எரியவில்லையா? பல்பைப் பார், ஃபியூசைப் பார், கம்பியைப் பார். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

அந்த அம்பாசிடர் தயாரிப்பு 2014ஆம் ஆண்டில் நின்றுபோனது.

இன்றைய கார் வேறு மாதிரி. கதவுப் பூட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், இண்டிகேட்டர், உள்விளக்கு, முன்விளக்கு, வைப்பர், ஹாரன் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மேஸ்திரி உண்டு. அந்த மேஸ்திரிதான் இந்தப் பெட்டி. 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்' என்பது அதன் முழுப்பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'பி.சி.எம்.' என்கிறார்கள்.

நீங்கள் வைப்பர் சுவிட்சைத் தட்டுகிறீர்கள். அது வைப்பரிடம் நேராகப் பேசுவதில்லை. பெட்டியிடம் சொல்கிறது. "சரி, ஆடு" என்று பெட்டி வைப்பருக்கு உத்தரவு போடுகிறது.

கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அரிசிப் பானைச் சாவியும் அவரிடம். அஞ்சறைப் பெட்டியும் அவரிடம். அம்மாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வீடே தடுமாறும் அல்லவா? அதுபோலத்தான் பி.சி.எம். கெட்ட காரும்.

காருக்குள் தண்டோரா!

காரில் இதுபோல இன்னும் பல பெட்டிகள் உண்டு. என்ஜினுக்கு ஒன்று. பிரேக்குக்கு ஒன்று. விபத்தில் உயிர்காக்கும் காற்றுப் பைக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன?

முன்பு ஊரில் தண்டோரா போடுவார்கள். எல்லோர் காதிலும் அது விழும். யாருக்கான சேதியோ அவர் எழுந்து போவார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

காருக்குள்ளும் அதே ஏற்பாடுதான். இரண்டே இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்தக் கம்பியில் ஒரு பெட்டி பேசினால் எல்லாப் பெட்டிகளுக்கும் கேட்கும். இந்த முறைக்குப் பெயர் 'கேன்'. ஜெர்மனியைச் சேர்ந்த பாஷ் கம்பெனி இதை 1986ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது. இதனால் காருக்குள் ஓடும் கம்பியின் நீளம் குறைந்தது, எடை குறைந்தது, செலவும் குறைந்தது.

நன்மை பெரிதுதான். ஆனால் அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது. அந்தக் கம்பியில் பேசுகிறவர் யார் என்று பார்க்க வேண்டிய காலம் வந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பெட்டி ஏன் கெடுகிறது?

முதல் எதிரி தண்ணீர்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் 'மிக்ஜாம்' புயல் சென்னையைக் கலக்கியது. பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் போல் மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் கார்கள் மூழ்கிக் கிடந்தன.

பல கார்களில் பி.சி.எம். டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. தண்ணீர் இருக்கை வரை ஏறினால் பெட்டியும் குளித்துவிடும். வெயிலில் காயவைத்தால் கார் மறுபடி ஓடும். "தப்பித்தோம்" என்று தோன்றும். ஆனால் உள்ளே செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு மெல்ல மெல்ல ஏறும். சில மாதம் கழித்து வைப்பர் தானாக ஆடும்!

வெள்ளம்தான் வரவேண்டும் என்பதில்லை. வேப்பமரத்தடியில் காரை நிறுத்துகிறீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையில் இலை அடைத்துக்கொள்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் காருக்குள் இறங்குகிறது. அதுவும் போதும்.

இரண்டாவது எதிரி, தப்பான பேட்டரி இணைப்பு. பேட்டரி இறங்கிவிட்டால் இன்னொரு காரிலிருந்து கம்பி போட்டுக் கிளப்புவார்கள். பிளசை மைனசோடு மாற்றிக் கொடுத்துவிட்டால் பெட்டி கருகிவிடலாம்.

மூன்றாவது எதிரி எலி. அது பெட்டியைக் கடிக்காது, கம்பியைக் கடிக்கும். பழி மட்டும் பெட்டியின் மேல் விழும்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள்!

பெட்டி கெட்டது போலத் தெரியும். ஆனால் பெட்டி கெட்டிருக்காது. இப்படி ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் உண்டு.

ஆகவே நல்ல மெக்கானிக் முதலில் பேட்டரியைப் பார்ப்பார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பேட்டரி சோர்ந்தால் பெட்டி உளறும். பசியில் இருப்பவனுக்குத் தலை சுற்றுவது போல!

அடுத்து ஃபியூஸ். அடுத்து ரிலே. அடுத்து எர்த் கம்பி. அது காரின் இரும்போடு சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா? பெட்டியில் செருகும் பிளக்கில் ஈரமோ களிம்போ இருக்கிறதா? கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா?

கடைசியாக ஸ்கேனர். அது பெட்டிகளின் நினைவில் பதிந்துள்ள பிழை எண்களைப் படித்துச் சொல்லும். ஆனால் ஒன்று: ஸ்கேனர் ஜோசியர் அல்ல. "இந்தப் பக்கம் கோளாறு" என்றுதான் சொல்லும். கோளாறு கம்பியிலா, பெட்டியிலா என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்து, பெட்டிக்கு மின்சாரம் வந்தும் அது வேலை செய்யவில்லை என்றால், அப்போதுதான் அதை மாற்ற வேண்டும்.

மாட்டுவது சுலபம், பழக்குவது கஷ்டம்

பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்ற வேண்டும். சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய பெட்டியின் பிளக்குகளை எடுத்து, புதுப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியின் மேலுள்ள எண், பழைய பெட்டியின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். இது கை வேலை. தெருக்கோடி மெக்கானிக்கே செய்துவிடுவார்.

அதன்பிறகுதான் மூளை வேலை.

புதுப் பெட்டி பிறந்த குழந்தை மாதிரி. அதற்கு எதுவும் தெரியாது. "இந்தக் காரில் பனி விளக்கு உண்டு. மழை பட்டால் தானாக ஆடும் வைப்பர் இல்லை. பின்பக்கம் கேமரா உண்டு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் 'கோடிங்' என்று பெயர். நடுவில் பேட்டரி இறங்கினால் பாடம் பாதியில் நின்று பெட்டி வீணாகலாம். அதனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே செய்வார்கள்.

அதைவிட முக்கியம் சாவி. இன்றைய கார் சாவிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது, "நீ யார்?" என்று கார் கேட்கும். "நான் இந்த வீட்டுப் பிள்ளை" என்று சில்லு ரகசிய எண்ணில் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் என்ஜின் கிளம்பும். பல கார்களில் இந்தக் கேள்வியைக் கேட்கும் காவல்காரனும் பி.சி.எம். பெட்டிதான்.

காவல்காரனையே மாற்றிவிட்டால்? புதுக் காவல்காரனுக்கு வீட்டுப் பிள்ளையை அடையாளம் தெரியாது. அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அறிமுகம் செய்யும் அதிகாரம் கார் கம்பெனியின் கணினியிடம் இருக்கிறது.

இதுதான் இரண்டாவது சாவி. கண்ணுக்குத் தெரியாத சாவி. காரை ஓட்டும் சாவி வாங்கியவரிடம் இருக்கிறது. காரைப் பழுது பார்க்கும் சாவி கம்பெனியிடம் இருக்கிறது!

சென்னை புதுப்பேட்டையில் பழைய காரின் உதிரிபாகம் எது கேட்டாலும் கிடைக்கும் என்பார்கள். பம்பர், கதவு, கண்ணாடி வாங்கி மாட்டலாம். ஆனால் பழைய பி.சி.எம். வாங்கினால் அது வேறொரு காரின் எண்ணையும் சாவியையும் நினைவில் வைத்திருக்கும். புது வீட்டில் அதற்கு வேலை கிடைப்பது எளிதல்ல.

கம்பெனிகள் சொல்லும் நியாயம்

"நாங்கள் பணத்துக்காகப் பூட்டவில்லை. திருடனுக்காகப் பூட்டுகிறோம்" என்கின்றன கம்பெனிகள். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் காரை இன்டர்நெட் மூலம் பிடித்தார்கள். வைப்பர் ஆடியது. ரேடியோ அலறியது. கடைசியில் காரின் வேகமே அடங்கியது. கார் ஓட்டியவர் கையில் எதுவும் இல்லை! நல்லவேளை, அவருக்கு முன்கூட்டியே தெரிந்து நடந்த சோதனை அது. இதன் பிறகு அந்தக் கம்பெனி 14 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது.

2022ஆம் ஆண்டில் லண்டனில் இன்னொரு வேடிக்கை. கார்களின் பாதுகாப்பை ஆராயும் நிபுணர் ஒருவரின் சொந்தக் காரே திருடு போனது! திருடர்கள் பூட்டை உடைக்கவில்லை. முன்விளக்கின் பக்கம் கையைவிட்டுக் கம்பியைப் பிடித்தார்கள். ஒரு சின்னக் கருவி மூலம், "சாவி வந்துவிட்டது, கதவைத் திற" என்று பொய்த் தண்டோரா போட்டார்கள். கார் நம்பிவிட்டது!

இத்தகைய ஆபத்துகளைத் தடுக்க ஐ.நா. அமைப்பின் கீழ் ஒரு விதி 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல், புதிதாக வரும் எல்லாக் கார்களும் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

ஆக, பூட்டு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு. பூட்டின் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கலாமா?

2,544 கோடி ரூபாய் அபராதம்!

இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதல்ல.

உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்கவில்லை என்று 2011ஆம் ஆண்டில் ஒரு நுகர்வோர் புகார் கொடுத்தார். இந்தியப் போட்டி ஆணையம் அதை விசாரித்தது. 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம்!

அபராதத்தை விட உத்தரவு முக்கியமானது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக, வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. இப்படி ஆணையம் சொன்னது.

கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம், சில கம்பெனிகள் செய்தது தவறு என்பதை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் குறைத்தது. வழக்கு அதோடும் முடியவில்லை; ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் ஆகிய நான்கும் அதில் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது.

உத்தரவு வந்தது. குழு வந்தது. இணையதளம் வந்தது. ஆனால் தெருக்கோடி மெக்கானிக்கின் கைக்கு அந்த இரண்டாவது சாவி வந்து சேர வேண்டும். அதுவரை காகிதத்தில் எழுதிய உரிமை, காகிதத்தில்தான் இருக்கும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். 2012ஆம் ஆண்டில் அங்கே இதற்காக மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். 100க்கு 80 பேருக்கு மேல், "பழுது பார்க்கும் தகவலை எல்லா மெக்கானிக்குகளுக்கும் கொடு" என்று ஓட்டுப் போட்டார்கள். 2014ஆம் ஆண்டில் கம்பெனிகள், நாடு முழுவதும் அப்படிக் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. கம்பியில்லாமல் கார் அனுப்பும் தகவலும் வேண்டும் என்று 2020இல் மறுபடி ஓட்டு நடந்தது. அதிலும் நான்கில் மூன்று பங்கினர் "ஆம்" என்றார்கள்.

ஐரோப்பாவில் வேறு வழி கண்டார்கள். திருட்டுத் தடுப்பு சம்பந்தப்பட்ட ரகசியத்தை யாருக்கும் கொடுக்காமலும் இருக்கவில்லை. எல்லோருக்கும் வாரி இறைக்கவும் இல்லை. மெக்கானிக்கின் பின்னணியை விசாரித்துச் சான்று கொடுக்கிறார்கள். சான்று பெற்றவர், தம் அடையாளத்தைக் காட்டி, கம்பெனியின் கணினியிலிருந்து ரகசிய எண்ணைப் பெறலாம். யார், எப்போது, எந்தக் காருக்கு வாங்கினார் என்பது பதிவாகிவிடும். 2023ஆம் ஆண்டிலிருந்து இது நாடு நாடாக நடைமுறைக்கு வந்தது.

திருடனுக்குக் கதவு மூடியிருக்கிறது. தொழிலாளிக்குத் திறந்திருக்கிறது. இந்த நடுவழி இந்தியாவுக்கும் பொருந்தாதா?

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் பிறக்கின்றன. அந்தத் தொழிற்சாலைகளின் வாசலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள். ஊரில் பிறந்த காரை ஊர் மெக்கானிக் தொட முடியவில்லை என்றால், நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. சர்வீஸ் சென்டர் பெரிய நகரங்களில் இருக்கிறது. கிராமத்திலிருந்து காரை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்தச் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

• வெள்ளத்தில் நின்ற காரில் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

• வெறும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், உங்கள் காருக்கு வரும் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. முழு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

• "பெட்டி போச்சு" என்று யாராவது சொன்னால், "பேட்டரி, ஃபியூஸ், எர்த் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

• பெட்டி வாங்குவதற்கு முன்பே, "கோடிங் யார் செய்வார்கள்? சாவியை யார் பதிவார்கள்? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் விலை பாதிச் செலவுதான்.

• வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். விட்டுப்போன சாவி பிறகு வேலை செய்யாமல் போகலாம்.

• பழைய பெட்டியையும் பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பாட்டியின் கேள்வி

கல்யாண வீட்டுக் கதைக்கு வருவோம். அந்தக் கார் லாரியில் ஏறி நகரத்துக்குப் போயிற்று. சர்வீஸ் சென்டரில் கணினியை மாட்டினார்கள். பெட்டிக்குச் சாவியை அறிமுகம் செய்தார்கள். என்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது. வைப்பர் அடங்கி உட்கார்ந்தது.

அப்பா பில்லை நீட்டி, நடந்ததை எல்லாம் வீட்டில் சொன்னார். பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்:

"காசு கொடுத்து வாங்கினது நாம. சாவி மட்டும் அவங்ககிட்டயா?"